சிவப்பு விளக்கில் தெரியாத மஞ்சள்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் இன்னும் கிணறு இருக்கிறதென்றால் யாரும் நம்பமாட்டார்கள். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் அடுக்குமாடிகள் தோளோடு தோள் முட்டி நிற்கின்றன. நடுவில் மண் தெரிந்தால் அதிலும் ஒரு மோட்டார் சைக்கிளை நிறுத்திவிடுகிறார்கள். அப்படியான ஓர் ஒழுங்கையின் கடைசியில், ரயில் பாதைக்குக் கிட்ட, இரண்டு மாடிக் கட்டடங்களுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்ட ஓட்டு வீடு ஒன்று இருக்கிறது. அதன் பின்வளவில்தான் மேனகாவின் கிணறு. கடலுக்கு இவ்வளவு கிட்ட இருந்தும் அதில் உப்பு ஏறவில்லை. அது ஏன் என்று கேட்டவர்களுக்கு ராகுலன் ஒரே பதில்தான் சொல்லுவார்: “கடலே கேக்கேல்லை, நாங்கள் ஏன் கேட்பான்?”

அந்தத் தண்ணீரில்தான் புருஷனும் பெண்சாதியும் படம் கழுவிப் பிழைத்தார்கள். குழாய்த் தண்ணீர் கூரைமேல் இருக்கும் தாங்கியில் கிடந்து பத்து மணிக்கே கொதித்துப் போய்விடும். அதில் பிலிமைப் போட்டால் மேல்தோல் இளகி உரிந்துவிடும். கிணற்றுத் தண்ணீர் பங்குனி வெயிலிலும் குளிர்ந்தே கிடந்தது. மோட்டர் பூட்டச் சொல்லிப் பலர் புத்தி சொன்னார்கள். ராகுலன் கேட்கவில்லை. மோட்டர் அடிமண்ணைக் கலக்கும், ஒரு மணல் பட்டாலே மணப்பெண்ணின் முகத்துக்குக் குறுக்கே கோடு விழும் என்பது அவருடைய பயம். ஆகவே ஒவ்வொரு பின்னேரமும் அவரே கப்பியில் வாளி போட்டு அள்ளி, கிணற்றுக்கட்டோடு கட்டிய சீமெந்துத் தொட்டியை நிரப்பித் தகரத்தால் மூடுவார். இரவு முழுக்க மண் அடியில் படியும். விடிந்தபின், சுவரைத் துளைத்துப் போன குழாய் வழியாக அந்தத் தெளிந்த தண்ணீர் நேரே இருட்டறைக்குள் மேனகாவின் கைக்கு வரும். குழாயின் வாயில் பழைய வேட்டித்துண்டு ஒன்று வடிகட்டியாகக் கட்டியிருந்தது.

படம் எடுப்பது அவர், கழுவுவது அவள். பிலிம் செத்துவிட்டது என்று உலகமே சொன்ன பிறகும், ஓவியக் கல்லூரிப் பிள்ளைகளும் பம்பலப்பிட்டிப் பக்கத்துக் கட்டடக் கலைஞர்கள் சிலரும் கறுப்பு வெள்ளைச் சுருள்களைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். வேலைக்குக் குறைவில்லை. குறைந்தது ராகுலன்தான். காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே நடைபாதையில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே உயிர் இல்லை.

அவருக்கு ஒரு படம் இல்லை. சிரிக்க வேண்டாம், ஊரெல்லாம் படம் எடுத்த மனுஷன் அடையாள அட்டைக்குத் தவிரத் தன் முகத்தை எந்தக் கமெராவுக்கும் காட்டியதில்லை. யாராவது கைபேசியைத் தூக்கினால் தலையைத் திருப்பிக்கொள்வார். “ஒரு நல்ல படம் எடுத்து வைப்போமே” என்று மேனகா கெஞ்சும்போதெல்லாம், “கிணத்துத் தண்ணியை வெள்ளமா கொண்டுபோகப் போகுது? ஆறுதலா எடுப்பம்” என்பார். வெள்ளம் ஒருநாள் வந்து கொண்டுபோய்விட்டது.

ஆனால் அவர் சாகுமுன்னர், எந்தப் புண்ணியத்திலோ, ஒரு பின்னேரம் கமெராவை அவள் கையில் கொடுத்து, “எடன் பாப்பம், உனக்குப் படம் எடுக்கத் தெரியுமோ எண்டு” என்றார். அவர் கப்பியில் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார். அவள் ஒரே ஒரு படம் எடுத்தாள். அந்தப் பிலிம் கமெராவுக்குள்ளேயே கிடந்தது. சாவீட்டுத் தீட்டான துடக்கு நாட்கள் முடியப்போகும் வேளையில்தான் அதைக் கழுவ அவளுக்கு மனம் வந்தது. பிலிமில் அவர் இருந்தார். படம் கொஞ்சம் சரிந்திருந்தாலும் முகம் வடிவாக விழுந்திருந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, ஈமக்கடன் முடியும் நாள். முகத்துவாரக் கடற்கரையில் கிரியை முடித்து வந்து, வீட்டுக்கிருத்தியத்துக்குப் படையல் வைக்கும்போது விளக்குக்குப் பின்னால் படம் இருக்க வேண்டும். அந்தப் படம் தான் எடுத்து, தான் கழுவி, தன் கையால் வைத்த படமாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் மேனகா கேட்டது. வேறு எதையும் அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார்களா என்பது வேறு கதை.

ஏனென்றால் வீட்டை நடத்தியது ராகுலனின் அக்கா, கொக்குவிலிலிருந்து செத்தவீட்டுக்கு வந்து தங்கியிருந்த சரோஜினிதேவி. தாய் சிறுவயதிலே போய்விட, தம்பியைத் தூக்கி வளர்த்தவர். அந்தத் தம்பி கொட்டாஞ்சேனையில் ஒரு ஸ்டூடியோவில் படம் எடுக்கப் போய், அங்கே படம் கழுவிக்கொண்டிருந்த மேனகாவை, பழனிமுத்துவின் மகளை, கட்டிக்கொண்டதை அவர் மன்னிக்கவேயில்லை. பழனிமுத்து அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். யாழ்ப்பாணத்து வீட்டுக் கிணற்றில் யார் அள்ளலாம், யார் அள்ளக்கூடாது என்ற கணக்கை நெஞ்சில் சுமந்தவர் சரோஜினிதேவி. இரண்டு சுமையில் எது பாரம் என்று நான் சொல்லப் போவதில்லை.

கலியாணத்துக்கு அவர் வரவில்லை. பிறகு ஒரேயொரு முறை கொழும்புக்கு வந்தபோது இந்த வீட்டுக்கு வந்தார். மேனகா கிணற்றில் அள்ளி, கண்ணாடிக் குவளையில் தண்ணீர் கொடுத்தாள். அவர் வாங்கி ஜன்னல்கட்டில் வைத்தார். போகும்வரை அது அங்கேயே இருந்தது. அவர் போனபின் ராகுலன் அந்தத் தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். மேனகா புருஷனை எந்த நாளும் விரும்பியவள்தான். ஆனால் அன்றைக்கு விரும்பியதுபோல் வேறு எந்த நாளும் விரும்பியதில்லை.

இந்தமுறையும் சரோஜினிதேவி கடைப் போத்தல் தண்ணீர்தான் குடித்தார். “கொழும்புத் தண்ணி எனக்கு ஒத்துக்கொள்ளாது” என்றார். மேனகாவை அவர் பேர் சொல்லியோ முறை சொல்லியோ கூப்பிட்டதில்லை. “இஞ்சை”, “உவ”, அவ்வளவுதான். மேனகா அவரை “அக்கா” என்பாள். புருஷன் கூப்பிட்ட முறையையே அவளும் பிடித்துக்கொண்டாள். அவருக்கு முன்னால் அழக்கூடாதென்று, செத்தவீட்டன்று தொட்டு அவள் கண்ணீரையும் அடக்கிக்கொண்டாள்.

படத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது, ராகுலனின் சித்தப்பா மகன், வங்கியில் வேலை பார்க்கும் சுகிர்தன், வழியைச் சொன்னான். “ஐடென்ரிற்றிக் காட்டுப் படத்தைப் பெருப்பிச்சால் போச்சு. பின்னுக்கு நீல வானமும் போட்டுத் தருவாங்கள்.”

“படம் என்கிட்ட இருக்கு தம்பி. நானே போட்டுத் தாறேன்” என்றாள் மேனகா.

சுகிர்தன் சரோஜினிதேவியின் முகத்தைப் பார்த்தான். அவர், “நாளைக்குக் காலமை படம் இல்லாமல் நிக்கேலாது” என்றார். “பின்னேரத்துக்குள்ளை வராட்டில் நீ அதைப் போட்டுக்கொண்டு வா.”

அது கிரியைக்கு முதல் நாள் காலை. படம் அச்சிடும் பெரிய அளவுக் கடதாசி பெட்டியில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. டொலர் ஏறிய காலத்திலிருந்து அதைக் கொழும்பில் யாரும் இறக்குவதில்லை. சொல்லிவிட்டால் மாதக்கணக்கில் ஆகும். ஆகவே இந்த ஒன்று பிழையாகிப் போனால் நாளைக்கு விளக்குக்குப் பின்னால் இருக்கப்போவது அடையாள அட்டையில் முறைக்கிற மனுஷனும் நீல வானமும்தான்.

மேனகா இருட்டறைக் கதவைச் சாத்தினாள். தொட்டியை முதல்நாள் பின்னேரம் அவளே அள்ளி நிரப்பியிருந்தாள். சிவப்பு விளக்கின் கீழ் குழாயைத் திறந்து, மருந்தைக் கலந்தாள். சின்னக் கடதாசித் துண்டுகளில் வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்துச் சரிப்படுத்தினாள். பிறகு அந்த ஒன்றை எடுத்து, பிலிமின் நிழலை அதில் விழவைத்து, மருந்துக்குள் அமிழ்த்தினாள். முதலில் கயிறு வந்தது, பிறகு வாளி, பிறகு நெற்றி, கண். மேனகா “வாங்க” என்றாள். அவள் அப்படிச் சொன்னதை யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் அவள் வெட்கப்பட்டிருக்கமாட்டாள்.

படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ மருந்தில் போட்டு எடுத்தபின் வெள்ளை விளக்கைப் போடலாம். எல்லோரும் போடுவார்கள். இவர்கள் போடுவதில்லை. “டியூப் லைற் பொய் சொல்லும். படத்தை முதல் முதல் பகலிலைதான் பாக்க வேணும்” என்பது ராகுலன் போட்ட சட்டம். அதனால் தண்ணீர் மாற்றி மாற்றி அலசுவதையும் அவள் சிவப்பு வெளிச்சத்திலேயே செய்தாள். வெளியே பாத்திரம் கழுவும் சத்தமும் ஆட்களின் பேச்சும் கேட்டன. வீடு முழுக்கச் சாம்பிராணியும் மஞ்சளும் மணந்ததால் தண்ணீரில் வந்த மணம் அவளுக்குத் தனியாகத் தெரியவில்லை. கடைசித் தண்ணீரையும் ஊற்றிவிட்டு, படத்தை ஒரு கண்ணாடித் தட்டில் ஏந்திக்கொண்டு பின்வளவுக்கு வந்தாள்.

படம் மஞ்சளாக இருந்தது.

அவர் கட்டியிருந்த வெள்ளை வேட்டி மஞ்சள். வானம் மஞ்சள். காமாலை பிடித்தவர்போல் முகமும் கண்ணும் மஞ்சள். ஹைப்போ பழசாகிவிட்டதோ, கை தவறிவிட்டதோ என்று அவள் முதலில் தன்னைத்தான் நொந்துகொண்டாள். உள்ளே ஓடிக் கதவைத் திறந்து வைத்துப் பார்த்தாள். மருந்துத் தட்டு ஆரத்தித் தட்டுபோலச் சிவந்து கிடந்தது. மஞ்சளோடு சுண்ணாம்போ இந்த மருந்தைப்போன்ற காரமோ சேர்ந்தால் அந்த நிறம்தான் வரும், அது எந்தப் பெண்ணுக்கும் தெரியும். குழாய் வாயில் கட்டியிருந்த வேட்டித்துண்டு, கலியாண வீட்டுத் துணிபோல இருந்தது. சிவப்பு விளக்கில் மஞ்சள் கண்ணுக்குத் தெரியாது. கொட்டாஞ்சேனையில் வேலைக்குச் சேர்ந்த காலம் முதல் அவள் அறிந்த விஷயம்தான் அது. அறிந்து என்ன செய்ய, தன் வீட்டுத் தண்ணீரில் மஞ்சள் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

அவள் தொட்டியின் தகரத்தைத் தூக்கினாள். அடியில் மஞ்சள் சேறாகப் படிந்திருந்தது.

சரோஜினிதேவி பின்வாசலில் நின்றார்.

“தொட்டியில யாரு மஞ்சள் போட்டது?”

“நான்தான். விடிய எழும்பிப் போட்டனான். நாளைக்கு ஐயர் வாறார். துடக்குக் கழிக்கிறதெண்டால் கிணறும் தொட்டியும் துப்பரவாக்கத்தானே வேணும்?”

“கிணத்துக்கு ஒரு சிட்டிகை போடுவாங்க. இங்க ஒரு சரை, முழுப் பொட்டலமே கொட்டிக் கிடக்கே அக்கா.”

“வழமைதானே.”

மேனகா மெதுவாகப் பேசுகிறவள். அவள் உரக்கப் பேசி அந்த ஒழுங்கை கேட்டதில்லை. அன்று கேட்டது.

“யாரோட துடக்கக் கழிச்சீங்க? செத்தவரோடதா, என்னோடதா?”

பாத்திரச் சத்தம் நின்றது. வெட்டொன்று துண்டிரண்டாக விழுந்த அந்தக் கேள்விக்குச் சரோஜினிதேவியிடம் பதில் இருந்தது. அந்தப் பதிலை அவரால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூடமுடியாது என்பார்கள். தன் வாயே தன்னை மூடிக்கொள்ளும் நேரமும் உண்டு. அவர் பார்வையை எங்கே வைப்பதென்று தெரியாமல், மேனகாவின் கையிலிருந்த படத்தில் வைத்தார்.

வைத்த பார்வையை எடுக்கவில்லை. கிட்ட வந்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

“உவன் தண்ணி அள்ளுறான்” என்றார்.

“ஒவ்வொரு நாளும் அவருதான் அள்ளுவாரு. தொட்டிக்கு என்னை அள்ளவே விடமாட்டாரு.”

“சின்னனிலை ஒரு வாளி அள்ளத் தெரியாது உவனுக்கு. கயிறு கையை அறுக்குமெண்டு நான் விடுறேல்லை. நான்தான் அள்ளி அள்ளித் தலையிலை வாக்கிறனான். கண்ணுக்கை சவுக்காரம் போட்டுதெண்டு கத்துவான்...” படத்துக்குள், கயிற்றை இழுத்த முறுக்கோடு, தம்பி சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பு கொக்குவில் வீட்டில் அவர் காணாதது. அவர் பெருவிரலால் படத்தின் வேட்டியைத் துடைக்கப் பார்த்தார். மஞ்சள் போகவில்லை.

“வேறை ஒண்டு போடேலாதோ?”

“கடதாசி இதுதான் கடைசி. சுகிர்தன் தம்பிகிட்டச் சொல்லிருங்க, நீல வானத்த எடுத்துட்டு வரட்டும்.”

மேனகா அதைக் கோபத்தில் சொல்லவில்லை. தோற்றுவிட்டேன் என்றுதான் சொன்னாள். தட்டைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தத் தொட்டியை நாள்தோறும் நிரப்பிய அவருடைய கைகளும், படத்தை எடுத்த தன்னுடைய கைகளும், எல்லாம் ஒரு சரை மஞ்சளில் போய்விட்டன என்று நினைத்தாள்.

சரோஜினிதேவி நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு, அடுப்படியில் பேசும் குரலில், “வெள்ளை வேட்டியிலை மஞ்சள் பட்டால் என்ன செய்யிறனீர்?” என்று கேட்டார்.

“வெயில்ல போடுவோம்.”

“அப்ப போடுமன்.”

“படத்தை வெயில்ல போடக்கூடாதுக்கா. சுருண்டு வெடிச்சிரும்.” இருட்டிலேயே காலம் கழித்தவளின் பயம் அது. வெயில் படத்துக்கு எமன் என்றுதான் அவள் படித்திருந்தாள்.

“காய விட்டால்தானே சுருளும்? நனைச்சு நனைச்சுப் போடும். கறை போறதும் நனைவிலைதான்.”

இழக்க இனி என்ன இருக்கிறது? மேனகா எழும்பினாள். தட்டைக் கிணற்றுக்கட்டில் வெயில் விழும் பக்கமாக நகர்த்தினாள். தொட்டியைத் தொடாமல் கிணற்றிலேயே வாளி போட்டாள். கிணறு பெரியது. விழுந்த மஞ்சள் அதற்கு ஒரு பொருட்டாகவே இல்லை. தண்ணீர் எப்போதும்போலத் தெளிந்து வந்தது. அவள் வாளியை மேலே இழுத்ததும், வாங்க ஒரு கை நீண்டது. மேனகா தயங்கினாள். கை நீண்டபடியே இருந்தது. வாளியைக் கொடுத்தாள்.

ஒருவர் அள்ள, ஒருவர் தெளித்தார். மாடிக் கட்டடத்தின் நிழல் நகர நகரத் தட்டையும் நகர்த்தினார்கள். கடலோர ரயில் போனது. தலையில் சேலைத் தலைப்பைப் போட்டுக்கொண்டு சரோஜினிதேவி அந்த வெயிலிலேயே குந்தியிருந்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வானம் வெளுத்தது. பிறகு வேட்டி. கடைசியாக முகம். கண்ணின் வெள்ளை திரும்பி வந்தபோது மேனகா, தெளித்துக்கொண்டிருந்த சரோஜினிதேவியின் கையைப் பிடித்து, “போதும்” என்றாள். ஓட்டுத் தாழ்வாரத்தின் நிழல் விழுந்த ஒரு மூலையில் மட்டும் மஞ்சள் நின்றுவிட்டது. வெயிலும் இறங்கிவிட்டது.

சுகிர்தனுக்குத் தொலைபேசி எடுத்து நீல வானம் வேண்டாம் என்று சொன்னது சரோஜினிதேவிதான். ஏன் என்று அவன் கேட்டான். “படம் இருக்கு” என்று சொல்லி வைத்துவிட்டார். இதனால் அவர் திருந்திவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். அன்று இரவும் அவர் போத்தல் தண்ணீர்தான் குடித்தார்.

மறுநாள் முகத்துவாரத்தில் கிரியை முடித்து வந்தார்கள். ஐயர் வீட்டுக்கு மாவிலையால் தண்ணீர் தெளித்தார். கண்ணாடிச் சட்டத்துக்குள் ராகுலன் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார், முன்னால் விளக்கு எரிந்தது. வாழையிலையில் அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பும் பயற்றம்பணியாரமும் இருந்தன. வந்தவர்கள் படத்தைப் பார்த்துப் பார்த்துக் கண்ணைத் துடைத்தார்கள். “உயிரோடை நிக்கிறமாதிரிக் கிடக்கு” என்றார்கள்.

சுகிர்தன்தான் மூலையைக் கண்டுபிடித்தான். தன் யோசனையைத் தள்ளிவிட்டார்களே என்ற புழுக்கம் அவனுக்கு. நாலு பேருக்குக் கேட்கும்படியாக, “உந்த மூலையைப் பாருங்கோ, மஞ்சள் பூத்துக் கிடக்கு. வடிவாக் கழுவேல்லைப் போலை. தெரிஞ்ச இடத்திலை குடுத்திருந்தால் உப்பிடி வந்திராது” என்றான்.

மேனகா வாசற்படியில் நின்றாள். சொல்ல அவளுக்குப் பதில் இருந்தது. செத்த மனுஷன் முன்னால் பந்தியில் உட்கார்ந்திருக்கும் ஆட்களுக்கு நடுவே அதைச் சொல்ல அவள் விரும்பவில்லை. வழக்கம்போல விழுங்கிக்கொண்டாள்.

சரோஜினிதேவி பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியைச் சட்டிக்குள் வைத்தார்.

“என்ரை மச்சாள் வடிவாத்தான் கழுவினவ” என்றார். “அதிலை மஞ்சளைக் கொட்டினது நான்.”

சுகிர்தன் இலையைப் பார்த்துக்கொண்டான். அந்த வீட்டில் தம்பி பெண்சாதிக்குரிய அந்த முறைச் சொல்லை மேனகா கேட்டது அன்றுதான் முதல் தடவை. கேட்க வேண்டிய மனுஷன் கேட்கவில்லையே என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. பின்வாசலுக்குப் போய், கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு, இத்தனை நாளும் அடக்கி வைத்ததையெல்லாம் ஓவென்று அழுதாள். மாடிக் கட்டடத்து ஜன்னல்கள் திறந்ததையும் அவள் பொருட்படுத்தவில்லை.

சற்று நேரத்தில் கப்பி சத்தம் போட்டது. சரோஜினிதேவி அள்ளி, ஒரு செம்பில் வார்த்து நீட்டினார். மேனகா விக்கலோடு வாய் வைத்துப் பாதி குடித்தாள். குடித்துவிட்டுச் செம்பைக் கிணற்றுக்கட்டில் வைத்தாள்.

சரோஜினிதேவி அதை எடுத்து மீதியைக் குடித்தார்.